எலும்புப் பிடி

மடக்குக் கத்தி மூடுகிற சத்தத்தை உங்களில் யாராவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். நம் வயசுக்காரர்களிடம் பேனாக்கத்தி என்று சொன்னால் பென்சில் சீவியது, மாங்காய் நறுக்கியது, விரலை வெட்டிக்கொண்டு வீட்டில் உதை வாங்கியது என்று ஆளுக்கொரு கதை வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சத்தம்தான். நல்ல கத்தி மூடும்போது இரண்டு தடவை பேசும். பாதி மடங்கியதும் ஒரு தடவை நிற்கும், மெல்லிய 'டிக்'. பிறகு முழுசாக உள்ளே போகும்போது ஒரு 'டக்'. மட்டமான கத்தி என்றால் இரண்டாவது சத்தம் ஓட்டைத் தகரம்போலக் கேட்கும். இதை எனக்குச் சொன்னவர் என் சித்தப்பா. அவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது, அது கடைசியில் தெரியும்.

சித்தப்பா என் நைனாவின் தம்பி. எங்கள் வீடு கும்மிடிப்பூண்டிக்கு இந்தப் பக்கம், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில். அறுபதுகளில் அங்கே கம்பெனியும் இல்லை, கம்பெனிச் சங்கும் இல்லை. ஏரி, நெல்லு, பனைமரம், சாயங்காலமானால் பழவேற்காட்டுப் பக்கமிருந்து வருகிற உப்புக்காற்று, அவ்வளவுதான். நைனா நிலத்தைப் பார்த்துக்கொண்டார். சித்தப்பா திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். விடியற்காலை ரயிலில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருப்பாரா என்றால், அன்றைக்கும் கூடூர் பாசஞ்சரில் ஏறி மூர் மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே மார்க்கெட். அங்கே பழைய சாமான் கடைகளில் கடிகாரத்துக்கும் கேமராவுக்கும் நடுவில் கத்திகள் கிடக்குமாம். துறைமுகத்தில் இறங்குகிற கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போனவை. ஜெர்மன் கத்தி, இங்கிலீஷ் கத்தி, ஸ்விஸ் கத்தி.

ஒரு ஞாயிறு முழுக்கச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வருவார். "கண்ணுக்குப் புடிச்சது ஒண்ணும் மாட்டல" என்பார். இன்னொரு ஞாயிறு வரும்போதே முகம் தெரிந்துவிடும். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார் என்றால் சட்டைப் பையில் கத்தி இருக்கிறது என்று அர்த்தம்.

பெரிய பிஸ்கெட் டப்பா ஒன்றில் எல்லாவற்றையும் வைத்திருந்தார். முத்துச்சிப்பி பதித்த பிடியோடு சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று. ஆமையோட்டுப் பிடியோடு ஒன்று, வெயிலில் காட்டினால் தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவும். சிவப்புப் பிடி ஸ்விஸ் கத்தியில் திருகாணி மாதிரி ஒரு சுருள் கம்பி இருந்தது, அது எதற்கென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. காது குடைய என்று அம்மா சொன்னாள். சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் கத்தியை எடுக்கிற விதம் இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். கட்டைவிரல் நகத்தை அலகில் உள்ள சின்னக் குழியில் வைத்து மெதுவாகத் திறப்பார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பிடிக்கும் அதன் முதுகுப் பட்டைக்கும் நடுவில் வெளிச்சம் கசிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். கசிந்தால் அது இரண்டாம் தரம். அலகில் விரல் பட்டுவிட்டால் உடனே ஃபிளானல் துணியால் துடைப்பார். "நம்ம கை வேர்வையே போதும், துரு புடிக்க. இது எவர்சில்வரு கெடயாது, அசல் இரும்பு. கொழந்த மாதிரி பாத்துக்கணும்" என்பார். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவார். அந்த எண்ணெய் வாசனை இன்றைக்கும் எங்காவது டெய்லர் கடையைக் கடந்தால் என்னை நிறுத்திவிடும்.

என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு கத்தியாக மூடுவார். "சொல்லு, எது?" நான் சத்தத்தை வைத்துச் சொல்ல வேண்டும். சிப்பி, ஆமை, சிவப்பு. தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு, சரியாகச் சொன்னால் கடலை மிட்டாய். பத்து வயசுப் பெண்ணோடு ஃபிட்டர் ஒருவர் விளையாடுகிற விளையாட்டா இது என்று நைனாவுக்கு எரிச்சல்.

"காய் நறுக்காத கத்தி, கயிறு அறுக்காத கத்தி, இன்னா கத்திடா இது? பூஜ பண்றியா?" என்பார் நைனா.

"உனக்கு ஏரோட்ட மாடு இருக்குது, எனக்கு இது இருக்குது. உடுண்ணா" என்பார் சித்தப்பா.

ஊரில் மற்றவர்கள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. இத்தனை கத்தி வைத்திருக்கிறவன் மனசில் என்னமோ இருக்கிறது என்றார்கள். அவர் கோழிக் கழுத்தைத் திருகுவதைக்கூடப் பார்க்க மாட்டாமல் கொல்லைப்பக்கம் போய்விடுகிறவர். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சித்தி மட்டும் அவரைப் புரிந்துகொண்டிருந்தாள். குறைந்தபட்சம் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். ரவிக்கைத் துணி மிச்சத்தில் ஒவ்வொரு கத்திக்கும் சின்னச் சின்ன உறை தைத்து வைத்தாள். மயில்கழுத்து நிறத்தில் ஒன்று, மாம்பழ நிறத்தில் ஒன்று. "எல்லாருக்கும் ஒரு சக்களத்தி இருந்தாலே பேஜாரு. எனக்கு டப்பா நெறைய இருக்குது" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். சித்தப்பா அவளிடம் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தரையில் வைப்பார், அவள் எடுத்துக்கொள்வாள். பார்த்துவிட்டு அவளும் தரையில் வைப்பாள். ஏதோ பூஜை சாமான் பரிமாறுகிற மாதிரி இருக்கும், பார்க்கிற எனக்குச் சிரிப்பு வரும்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் குழந்தை இல்லை. இரண்டு தடவை வயிற்றில் வந்தும் தங்கவில்லை. அதனால் மூன்றாவது தடவை ஆறு மாசம் தாண்டியபோது வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவே இல்லை. கண் பட்டுவிடும் என்று சித்தியின் வயிற்றை யாரும் பார்ப்பதுகூட இல்லை. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவளுக்குக் கொழுக்கட்டை பிடித்துக் கொடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் நம்புவீர்களா? இந்தக் குழந்தை பிழைக்க வேண்டும். வீடு முழுக்க அந்த ஒரு நினைப்புதான்.

ஒரே ஒரு தடவை மட்டும் போய், கடைசியாக ஒரு கத்தி வாங்கினார். பல மாசமாக ஒரு கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தது அது. அதைப்போல ஒன்று அவர் டப்பாவில் அதுவரை இல்லை. பழுப்பு நிறப் பிடி, அதில் மரப்பட்டைபோல வரிவரியாகச் செதுக்கல், இரண்டு முனையிலும் வெள்ளி மாதிரி மினுக்குகிற மூடி. மூடினால் அந்த இரண்டு சத்தமும் அப்படி ஒரு சுத்தம். கண்ணை மூடிக்கொண்டு அதையே திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "இத செஞ்சவன் உயிரோட இருக்கமாட்டான். இது எனக்கு முன்னாடி எத்தன பேரு கையில இருந்துச்சோ. எனக்கப்புறம் என் புள்ள கைக்குப் போவும்" என்றார்.

தலைச்சன் பேறுகாலம் தாய்வீட்டில்தானே. வளைகாப்பு முடிந்து சித்தியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் அரைமணி தூரத்தில் இன்னொரு கிராமம். பள்ளிக்கூடம் கோடை லீவு விட்டிருந்ததால் துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். துணை என்றால் என்ன, சித்திக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பது, காலைப் பிடித்துவிடுவது, பேச்சுக் கொடுப்பது. சித்தியின் அப்பா இல்லை. அம்மாதான் தனியாக நின்று நிலத்தைக் கட்டிக் காத்தவள். நாலு ஆள் வேலையைத் தானே செய்வாள், நாக்கும் அப்படித்தான். மகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கவனித்தாள், அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

வலி எடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் சித்தப்பா சைக்கிளில் வந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, புதுக் கத்தியை மடித்த ஃபிளானலோடு முற்றத்தில் வைத்தார். சித்தியின் அம்மா மாப்பிள்ளை எதிரில் வர மாட்டாள். கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டுதான் பேசுவாள். மருத்துவச்சி முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்த, தொப்புள்கொடி அறுக்கறத இதால அறுங்க. சுடுதண்ணில போட்டு எடுத்து தொடச்சிக் கொண்டாந்திருக்கேன். துரு ஒரு புள்ளி இல்ல, பாருங்க."

அவருக்கு வைத்தியம் தெரிந்து இதைச் சொல்லவில்லை. துரு அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். துருப்பிடித்த எதுவும் தன் பிள்ளைமேல் படக்கூடாது என்று நினைத்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து, "மாப்ள, இது இரும்பா, எவர்சில்வரா? எவர்சில்வருன்னா காத்து கருப்புக்கு ஆவாது" என்றாள் சித்தியின் அம்மா.

"அசல் இரும்புத்த. காந்தத்துல ஒட்டும்."

"அப்ப சரி" என்றாள் மருத்துவச்சி, கத்தியை எடுத்துப் புரட்டிக்கொண்டே. "பிடி நல்லாக்கீதே. இன்னா இது, மரமா?"

பாவி மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் பெரியவர்கள் யாரும் அவரிடம் ஒரு கத்தியைப் பற்றிக் கேள்வி கேட்டதே இல்லை. "மரமா! நல்லா கேட்ட போ. எலும்பு. மாட்டுக்கால் எலும்பு. நேரா இருக்கற எலும்பா பாத்து எடுத்து, வேகவச்சி கொழுப்பு எடுத்து, சாயத்துல ஊறப்போட்டு, அப்பறம் கையாலயே இந்த வரி போடுவான்."

மருத்துவச்சி கத்தியைத் தரையில் வைத்துவிட்டாள். ஆனால் நல்லவள். அவருக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தாள். "மான் கொம்பா இருக்கும் சாமி. மான் கொம்புதான் இந்த மாதிரி இருக்கும்" என்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. மான் கொம்புக்கு ஒரு தோஷமும் கிடையாது. இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தையை நான் அவர் வாயில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சித்தப்பாவோ, "மான் கொம்புன்னு சொல்லித்தான் மூர் மார்க்கெட்டுல நெறைய பேர ஏமாத்தறான். கொம்பா இருந்தா நடுவுல பஞ்சு மாதிரி பொறபொறன்னு இருக்கும். இது அசல் எலும்பு. சாதாரண எலும்பு கெடயாது, எவ்ளோ பழசு தெரியுமா?" என்றார்.

பின்னாலிருந்த கை கதவை இன்னும் ஒரு சாண் சாத்தியது. பிறகு, "பேறுகால ஊட்டுக்குள்ள செத்த மாட்டு எலும்பக் கொண்டாந்து வச்சிக்கினு, அதுக்குப் பெரும வேற" என்று வந்தது. மாப்பிள்ளை என்ற மரியாதை அந்தப் பேச்சிலேயே போய்விட்டது. "எங்க ஊட்டுல தலைச்சன் புள்ளைக்கு நெல்லறுத்த அருவாள்லதான் கொடி அறுக்கறது. எனக்கு அப்படித்தான் அறுத்தாங்க, என் பொண்ணுக்கும் அப்படித்தான் அறுத்தேன். விளஞ்சது மாதிரி வம்சம் விளையணும். நீங்க எடுத்துக்கினு போங்க."

சித்தப்பா கத்தியை எடுத்துக்கொண்டார். உள்ளே சித்தி படுத்திருந்த இடத்துக்கு வந்தார். நான் முற்றத்தைப் பார்த்தபடியே அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். கத்தியைப் பாய் ஓரத்தில் தரையில் வைத்தார். "அறுக்க வாணாம்னா போவட்டும். தலவாணிக்குக் கீழ வச்சிக்க. நானே கூட இருக்கறதா நெனச்சிக்க" என்றார். சித்தி கதவுப் பக்கம் பார்த்துவிட்டு எடுத்துத் தலையணைக்கு அடியில் சொருகிக்கொண்டாள்.

ஆண் பிள்ளை பிறந்தது. நான் வெளியில் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். சித்தியின் அம்மா ஓடி வந்து, கூரை இறவாரத்தில் சொருகியிருந்த கருக்கரிவாளை எடுத்தாள். அறுப்பு முடிந்த நாளிலிருந்து அங்கேயே இருந்தது அது. மாட்டுக்கொட்டகை பக்கத்துக் கூரை. பல்லெல்லாம் செம்மண் நிறம். முந்தானையில் இரண்டு இழுப்பு இழுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளை அழுத சத்தம் கேட்டது. அவள் கண்ணில் தண்ணீரோடு வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "உனக்கு தம்பி பொறந்துட்டான்டி!" அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பிறகு பார்க்கவில்லை.

சித்தப்பா தினமும் வேலை முடிந்து ரயிலிறங்கி நேராக அங்கே வந்துவிடுவார். தீட்டு என்று தொட விட மாட்டார்கள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் குந்திக்கொண்டு, சித்தி தூக்கிக் காட்டுகிற பிள்ளையைப் பார்ப்பார். மூடியிருக்கிற அதன் கையைப் பார்த்து, "இன்னாத்தடா புடிச்சிக்கினு இருக்க, தொறந்து காட்டு" என்று கெஞ்சுவார். கையைக் கழுவிவிட்டுத்தான் அங்கேயும் உட்காருவார், தொடப்போவதில்லை என்று தெரிந்தும்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். பிள்ளை பால் குடிக்கவில்லை. வாயை வைத்தால் உதடு இறுகிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் உடம்பு விறைத்து வில்லாக வளைய ஆரம்பித்தது. யாராவது தொட்டால், கதவு சத்தம் கேட்டால், உடனே விறைக்கும். அழக்கூட வாய் திறக்கவில்லை. நான் பார்த்தேன். இதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது.

பூசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் வேப்பிலையோடு சுற்றி வந்து, "இந்த அறையில ஆவாத பொருள் எதுனா இருக்குதா?" என்று கேட்டார். சித்தியின் அம்மா தேடினாள். பானைக்குப் பின்னால், பாய்க்கு அடியில், கடைசியில் தலையணைக்கு அடியில். கத்தி வந்தது.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் போனபோது பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்தார்கள். சித்தப்பா கம்பெனி உடுப்போடு வந்து சேர்ந்தபோது பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். சித்தியின் அம்மா முதல் தடவையாகக் கதவைத் தாண்டி அவர் எதிரில் வந்தாள். கத்தியை அவர் காலடியில் விட்டெறிந்தாள். "எடுத்துக்கினு போ. என் பேரன முழுங்கிடுச்சி. இப்ப வயிறு ரொம்பிச்சா உனக்கு?"

கத்தி முற்றத்து மண்ணில் விழுந்து கிடந்தது. சித்தப்பா குனிந்து எடுத்தார். சட்டை நுனியால் அலகைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். தன் கை என்ன செய்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை, எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. பல நூறு தடவை பார்த்த கை அது. ஆனால் அங்கே நின்ற கூட்டம் வேறு மாதிரி பார்த்தது. "பாரேன், புள்ள பொணமா கெடக்குது, இவன் கத்தியத் தொடச்சிக்கினு நிக்கிறான்." அந்த வார்த்தை அவர் ஆயுசு முழுக்கக் கூடவே வந்தது. இரண்டு ஊரிலும் அதைச் சொல்லாத வாய் இல்லை.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் மட்டும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். கொஞ்ச நேரம் இல்லை, ரொம்ப நேரம். அவள் திரும்பவில்லை.

சில மாசம் கழித்துச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சமைத்தாள், பரிமாறினாள், அவர் துணியைத் துவைத்தாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சும் ரொம்ப இல்லை. அதற்குப் பிறகு குழந்தையும் இல்லை. சித்தப்பா அந்தக் கத்தியையும் போட்டு பிஸ்கெட் டப்பாவைப் பரண்மேல் வைத்தார், மூடாமல் வைத்தார். எண்ணெய் போடவில்லை, துடைக்கவில்லை. எடுத்து எறிந்திருந்தால்கூட எனக்கு இத்தனை வலித்திருக்காது. உப்புக்காற்று வந்துபோகிற வீட்டில், துருவை அத்தனை வெறுத்த மனுஷன், எல்லாவற்றையும் துருவுக்கே கொடுத்துவிட்டார். நான் ஒருநாள் பரணில் ஏறிச் சிப்பிக் கத்தியைத் திறக்கப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே இறங்கி, "சித்தப்பா, எண்ண போடட்டுமா?" என்று கேட்டேன். "வாணாம் கண்ணு. உடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார், நிலத்துக்குக்கூட வந்தார். என் நைனாவுக்கு அதில் ஒரே திருப்தி. "பைத்தியம் தெளிஞ்சிடுச்சி. இப்பத்தான் மனுசனா ஆயிருக்கான்" என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னார். என் நைனா கெட்டவர் இல்லை. தம்பி கண் எதிரிலேயே கரைந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் ரயிலுக்குக் கிளம்பியவர் வாசலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயசு. காரியம் முடிந்ததும் வீட்டை ஒழித்தபோது டப்பாவை, தேய்ந்த ஏர்க்கொழுவோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார் நைனா. பேரீச்சம்பழம் வந்தது. குழந்தைகள் தின்றன. சித்தி தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். அவள் அம்மா கீழே விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையோடு இருந்தாள், பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?

எனக்குக் கல்யாணமாகி மணவாள நகர் வந்தேன். முதல் பேறுகாலத்துக்குத் திருவள்ளூர் பெரியாஸ்பத்திரியில் சீட்டு எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் கையில் ஊசி போட்டார்கள். எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே, எதற்கு என்று கேட்டேன்.

"புள்ளைக்கு ஜன்னி வராம இருக்கத்தாம்மா" என்றார் நர்ஸம்மா, அடுத்த ஊசியை எடுத்துக்கொண்டே. "கிராமத்துல துருப்புடிச்ச அருவாள், பிளேடு, எது கெடைக்குதோ அதால கொடி அறுத்துடறாங்க. மண்ணு, சாணி எல்லாம் அதுல இருக்கும். ஒரு வாரத்துல புள்ளைக்கு வாய் கட்டிக்கும், பால் குடிக்காது, உடம்பு வளைஞ்சிக்கும். அப்பறம் பொழைக்காது. கையத் தேய்ச்சி உட்டுக்க, அடுத்தது வாம்மா."

நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்த ஒரு கத்தி அந்த அறைக்குள்ளேயே, சித்தியின் தலைக்கு அடியிலேயே இருந்தது. இறவாரத்திலிருந்து உருவிய கருக்கரிவாள் என் கண் முன்னால் உள்ளே போனது. அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் நான் அழுத அழுகையைப் பார்த்து, யாரோ ஒரு அம்மா எனக்குப் பிள்ளை தங்கவில்லை போலிருக்கிறது என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

எனக்குப் பெண் பிறந்தாள். மூன்று மாசம் ஆனதும் தூக்கிக்கொண்டு பஸ் மாறிச் சித்தியைப் பார்க்கப் போனேன். இதைச் சொல்லவே போனேன். சித்தப்பாவுக்குச் சொல்ல முடியாது, அவளுக்காவது தெரிய வேண்டும், அவர்மேல் இருக்கிற பழி அவள் மனசிலிருந்தாவது இறங்க வேண்டும் என்று நினைத்தேன். போகிற வழியெல்லாம் நிலத்தில் கல் நட்டு வைத்திருந்தார்கள், கம்பெனி வரப்போகிறது என்று.

சித்தி கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முடி பாதி வெளுத்திருந்தது. என் பெண்ணைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை. நான் அவள் பக்கத்தில் குந்தி, ஊசியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அருவாளைச் சொன்னேன், மண்ணைச் சொன்னேன். "சித்தப்பா கத்தியால ஒண்ணும் ஆவல சித்தி. அதால அறுத்திருந்தா புள்ள பொழச்சிருக்கும்" என்றேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"மெதுவா பேசு. எங்கம்மாவுக்குக் காது நல்லா கேக்குது" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சாம்பல் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியும்டி. அன்னிக்கே தெரியும். புள்ளைக்கு வாய் கட்டுனப்பவே மருத்துவச்சி எங்கம்மாகிட்ட குசுகுசுன்னு சொன்னா. அருவாள காய்ச்சி எடுத்திருக்கணும், மண்ணு இருந்துச்சி, நான் கவனிக்காம உட்டுட்டேன், இன்னொரு ஊட்டுலயும் இப்படித்தான் ஆச்சின்னா. நான் தூங்கறேன்னு நெனச்சாங்க. எங்கம்மா அவ வாயப் பொத்திட்டா. அதுக்கப்பறந்தான் பூசாரிய கூப்புட்டாங்க."

"அப்பறம் ஏன் சித்தி நீ..."

"இன்னா சொல்லச் சொல்ற? எங்கம்மா கையால எடுத்துக் கொடுத்த அருவாள். நான் வாயத் தொறந்தா அன்னிக்கே அவ கெணத்துல உழுந்திருப்பா. எனக்குன்னு இருந்தது அவ ஒருத்தி, அவரு ஒருத்தரு. ரெண்டு பேர்ல யாரு தாங்குவான்னு பாத்தேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சாம்பல் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. "அவரு தாங்குவாருன்னு நெனச்சேன்டி. ஆம்பளதான, தாங்கிக்குவாரு, கொஞ்ச நாள் போவட்டும், தனியா இருக்கச்சே சொல்லிக்கலாம்னு நெனச்சேன். தெனமும் நெனச்சேன். அவரு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீயும் அப்படித்தான் நெனைக்கிறியான்னு என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கவே இல்ல. அப்படியே போயிட்டாரு."

அவள் அம்மா உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் இதைச் சொல்லக்கூடாது என்று என் பெண் தலைமேல் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். அன்றைக்கு என் குழந்தையை அவள் தொட்டது அந்த ஒரு தடவைதான். நானும் சொல்லவில்லை. கிழவி ரொம்ப நாள் இருந்தாள். அவள் போய், சித்தியும் போய், பழி சொன்ன வாயெல்லாம் போய், இப்போது கேட்பதற்கு நீங்கள்தான் மிச்சம்.

அன்றைக்கு நான் கிளம்பும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு, கொல்லையில பேச்சு சத்தம்?"

"யாருமில்லம்மா. நம்ம பொண்ணுதான். பொறந்த புள்ளையக் காட்டறதுக்கு வந்துக்கீது" என்றாள் சித்தி.

"எந்தப் பொண்ணு? என் பேரனக் கொன்னானே, அந்தப் பாவி ஊட்டுப் பொண்ணா?"

சித்தி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா" என்றாள்.